மேகம் விரட்டும் கூடாரம்

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்காகக் கட்டடம் கட்டினோம். நான் மேஸ்திரி. படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனாலும் என் ரசமட்டத்தில் எந்த இன்ஜினியரும் குறை சொன்னதில்லை.

பெரிய தூணுக்கு கான்கிரீட் போடும் நாள். ஆரம்பித்தால் நிறுத்தாமல் ஒரே நாளில் போட்டாக வேண்டும். பாதியில் நின்றால் இடிக்க வேண்டியதுதான். அன்றைக்கென்று பார்த்து, சட்டி தூக்கும் நாற்பது பேரில் ஒருவரும் வரவில்லை.

"நாளைக்கு கான்கிரீட் போடலன்னா உன் ஊரு கலசப்பாக்கத்துக்கே பஸ் ஏறிடு மேஸ்திரி" என்றார் கான்ட்ராக்டர்.

ஊருக்குள் போனேன். சடையன் சொன்னால்தான் அங்கே ஆள் நகரும். காய்ந்த சாமைக் கொல்லையில் நின்றிருந்தார். தொலைநோக்கி வைத்து ஏற்கெனவே இருக்கும் சின்னக் கூடாரமே மேகத்தை விரட்டுகிறதாம், பெரியதும் வந்தால் மழையே இருக்காதாம். ஊரே நம்பியது. நான் சிரித்துவிட்டேன். தப்பு.

"சிரிக்காத மேஸ்திரி. மேகம் வந்தா புடிக்குமான்னு உங்க ஆபீசரையே கேட்டேன். புடிக்காதுன்னாரு. மழ வாணாங்கறவனுக்கு நான் ஏன் ஜல்லி சுமக்கணும்?"

ஆபீசர் பொய் சொல்லாதவர். மேகம் வந்து நட்சத்திரத்தை மறைத்தால் அவர் முகம் சுண்டிப்போவதை நானும் பார்த்திருக்கிறேன். "அது நெசந்தாங்க. வந்து உள்ள பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன். மத்தியானமே வந்தார்.

சின்னக் கூடாரத்தின் கூரையில் நடுவே ஒரு கதவு. சக்கரத்தைச் சுற்றினால் திறக்கும், மூடும். சடையன் தானே இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். இதை எதற்கு மூடுவது என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"மழ வந்தா கண்ணாடி நனைஞ்சிடுங்க. போன ஐப்பசியில மூடியேதான் கெடந்துச்சு. சும்மா குந்தினு இருந்தோம்."

சடையன் என் பக்கம் திரும்பினார். "வெரட்டத் தெரிஞ்சவன் மூடி போட மாட்டான். ஆச இருக்குது, வித்த இல்ல."

மறுநாள் நாற்பது பேரும் வந்தார்கள். அவரும் வந்தார். தூண் பாதி ஏறியபோது மேற்கே கறுத்தது. பச்சைக் கான்கிரீட்டில் மழை விழுந்தால் என் பிழைப்பு போச்சு. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னா மேஸ்திரி, நீயும் வெரட்டுறியா?" என்றார் சடையன்.

"வெரட்டத்தாங்க பாக்குறேன். போவ மாட்டேங்குது."

சிரித்துக்கொண்டே அடுத்த சட்டியை வாங்கினார். தூண் முடிந்த பிறகுதான் தூறியது.

அதன் பிறகு எந்த ஊரில் எந்தப் புரளி கிளம்பினாலும் நான் சிரிப்பதில்லை. அதில் எது நிஜம் என்றுதான் முதலில் கேட்பேன். புரளியால் என் வேலை மறுபடி நின்றதில்லை. படித்த மேஸ்திரிகளுக்கு நின்றிருக்கிறது.