தோளில் ஒரு கை

எங்கள் சித்தப்பாவின் படத்தில் அவர் தோள்மேல் ஒரு கை இருக்கிறது. கைக்கு ஆள் கிடையாது, மணிக்கட்டு வரைக்கும்தான். அவர் திடீரென்று இறந்தபோது வீட்டில் அவரைத் தனியாகக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. அதனால் அவருடைய கல்யாணத்தன்று எல்லோருமாக நின்று எடுத்த படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினார்கள். பக்கத்தில் நின்றவர் வெளியேறிவிட்டார், கை வெளியேறவில்லை. அது யாருடைய கை என்பது தெருவுக்கே தெரியும். ஒரு தோணியின் பங்குக்காகச் சித்தப்பாவைச் சாகும்வரை கோர்ட்டுக்கு இழுத்தடித்த, அவருடைய பெரியப்பா மகனின் கை. தினமும் சாயங்காலம் படத்தின் கீழே எரிந்த சிவப்பு பல்பு அந்தக் கைக்கும் சேர்த்தே எரிந்தது. சித்தி மாலையை ஒரு பக்கமாக இழுத்து இழுத்து அதை மூடிப் பார்ப்பாள். கோணல் மாலையோடு சித்தப்பா, தேர்தலில் தோற்றது இன்னும் தெரியாத வேட்பாளரைப் போல இருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, கையில் மீன் பையோடு சித்தி என் வீட்டுக்கு வந்தாள். "ஏலே, எனக்கு ஒரு படம் எடுத்துத் தா. தனியா. நான் செத்தா என் தோள்ல எவன் கையும் இருக்கப்பிடாது" என்றாள். அவளுக்கோ நல்ல திடகாத்திரமான உடம்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டுடியோவுக்குப் போகலாமே என்று முனகினேன். "அங்கன எதுக்குன்னு கேப்பான். சாவுக்குன்னா பயந்துருவான், வேற எதுக்குன்னு சொன்னாலும் சிரிப்பான்" என்றாள்.

நான் துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்ப்பவன். புகைப்படக் கலையைப் பற்றிச் சில தடித்த புத்தகங்களைப் படித்திருந்தேன். கேமராவைத் தொட்டதில்லை என்பது ஒரு குறையாகத் தோன்றவில்லை. ஜன்னலுக்குப் பக்கச் சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பை ஆணியடித்துத் தொங்கவிட்டேன். போனை மக்ரூன் இனிப்பு வந்த டப்பாக்களின்மேல் நிறுத்தினேன். முகத்தின் மறுபக்க நிழலைப் போக்க வெள்ளையாக ஏதாவது வேண்டும் என்று புத்தகம் சொன்னது. வீட்டில் இருந்தது நண்டுப் பெட்டியின் தெர்மாகோல் மூடி. கழுவித்தான் வைத்தேன். தெருப் பூனைகள் என் கழுவலை நம்பவில்லை.

நீலப் பட்டுச் சேலையில் சித்தி வந்து உட்கார்ந்ததும் முகம் கல்லாகிவிட்டது. சாதாரணமாக இருங்கள் என்றேன். "சாதாரணமா இருக்கதுக்கு எதுக்குலே பட்டுச் சேல?" என்றாள். பக்கத்தில் ஆள் இருந்தால் கூச்சம் போகும் என்று டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய் அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் ஒரு பூனை ஜன்னல் வழியாக உள்ளே குதித்து மூடியை நக்க ஆரம்பித்தது. சித்தி வாய்விட்டுச் சிரித்தாள், அதுவே படமாகப் பதிவாகிவிட்டது. பிறகு தனியாக, முறைப்பாக, கழுத்து நேராக ஒரு படம் எடுத்தோம். "இதான். வேற எதுவும் வேண்டாம்" என்று அவள் தேர்ந்தெடுத்தது அதைத்தான்.

சில வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போனில் அழுதுகொண்டே படம் கேட்டான். எது எதென்று பார்க்காமல் அன்று எடுத்த எல்லாவற்றையும் அனுப்பி வைத்தேன். அவனே பேனர் கடைக்கும் பேசிவிட்டான்.

சாயங்காலம் தெருமுனை டீக்கடைக்குப் போனேன். எதிரே பேனர் கட்டியிருந்தார்கள். சித்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளில் ஒரு கை. கடைக்கார அண்ணாச்சி டீயை நீட்டினார், நான் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். "வாட்ச் ஒங்களதுல்லா?" என்றார். டம்ளர் தரையில் கிடந்தது.

சித்தி மகனைப் போனில் கூப்பிட்டு ஏன் அந்தப் படம் என்று கேட்டேன். "மத்ததுல பாஸ்போர்ட் ஆபீசுல உக்காந்திருக்க மாதிரி இருக்கா. இதுலதாம்ணே எங்கம்மா இருக்கா" என்றான். அந்தப் படமே பெரிதாகி இப்போது சித்தப்பாவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. இரண்டு பேர், இரண்டு கை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. சித்தப்பாவின் கல்யாணத்தன்று அந்தப் பெரியப்பா மகன் பகையாளி இல்லை. சந்தோஷம் தாங்காமல்தான் தோளில் கை போட்டிருக்கிறார்.

போன வாரம் எங்கள் ஆபீஸ் இணையதளத்துக்கு எல்லோரிடமும் பளிச்சென்று ஒரு படம் கேட்டார்கள். அதே விரிப்பு, அதே ஜன்னல், வேறு மக்ரூன் டப்பா. இந்த முறை பூனை வரவில்லை. ஸ்டுடியோக்காரனே பொறாமைப்படும்படி படம் வந்திருந்தது. நேர்த்தியான வெளிச்சம், நேரான கழுத்து, இரு பக்கமும் காலியான தோள். நாளைக்கு இதையே பேனரில் போட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வியர்த்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். மீன் குழம்பைப் பற்றி நான் சொன்ன ஒரு கருத்துக்காக இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. வந்து நின்றாள். தோளில் கை வைக்கச் சொன்னேன். "எதுக்கு?" என்றாள், மௌன விரதத்தை முறித்து. சும்மாதான் என்றேன்.

மறுநாள் ஆபீஸ் பெண் போன் செய்தாள். "சார், நீங்க கேட்டமாரி ஒங்கள மட்டும் வெட்டிட்டேன். தோள்ல ஒரு கை மட்டும் நிக்கி, அழிச்சிரவா?"

இருக்கட்டும் என்றேன்.