ஐந்தால் வகுத்த காலை

என் பிழைப்பு பங்கு பிரிப்பது. ஒரு கம்பெனியின் தகவல் மூட்டை ஒரே சர்வர் கம்ப்யூட்டரில் அடங்காது. பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எது எங்கே போகும் என்று ஏற்பாடு செய்கிற ஆள் நான். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டே செய்கிறேன். கீழே என் மனைவி இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அவளிடம் வேலை பார்க்கிறவர்கள் என்னை வேலைவெட்டி இல்லாதவன் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

வீடு வீடாக மாவு போட நாலு பெண்கள். எங்கள் நகர் மொத்தமே கூப்பிடு தூரம்தான், ஆனாலும் தினமும் சண்டை. நாய் இருக்கிற தெரு எனக்கு வேண்டாம், மாடி ஏறுகிற வீடு அவளுக்குப் போகட்டும் என்று.

"நீங்கதான் பெரிய பிரிக்கிற ஆளாச்சே, பிரிச்சுக் குடுங்க பாப்போம்" என்றாள் மனைவி.

கெத்தாக இறங்கினேன். வீட்டுக்கு ஓர் எண். எண்ணை நாலால் வகுத்து வருகிற மீதிதான் கொண்டுபோகும் ஆள். மீதி இல்லாவிட்டால் நாலாவது ஆள். ஏழாம் வீட்டுக்கு மீதி மூன்று, அது மூன்றாவது அக்காவுக்கு. எண்ணோடு யார் மல்லுக்கட்ட முடியும்? சண்டை நின்றது.

வியாபாரம் ஏறவும் மனைவி ஐந்தாவதாக ஒரு பெண்ணைச் சேர்த்தாள். நெய்க்காரப்பட்டிப் பக்கம் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள், வாய்க்கு வாய் 'ங்க' போடுவாள். வேலைக்கென்று வீட்டு வாசலைத் தாண்டுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. நான் நாலை அழித்து ஐந்து என்று போட்டேன். தீர்ந்தது வேலை என்று மாடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை போன் அலறியது. பெல் அடித்துத் தூங்குகிற கைக்குழந்தையை எழுப்பிவிட்டார்கள் என்று ஒரு டீச்சர். ஜன்னலில் வைக்க வேண்டிய பாக்கெட்டை வாசலில் வைத்ததில் தெருநாய் வயிறார மாவு குடித்திருந்தது. "ரெண்டு வருசமா புளிச்ச மாவுதான் வாங்குறேன், இன்னைக்கு என்ன புதுப் பழக்கம்?" என்று ஒரு பெரியவர் கத்தினார்.

பழைய நாலு பேரும் ஒரே குரலில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். "அக்கா, இவ கால் வச்ச நேரம் சரியில்ல. நேத்து வரைக்கும் ஒரு குறை உண்டா?"

புதிதாகச் சேர்ந்தவள் காலிப் பையோடு கேட் அருகே நின்றாள். அழவில்லை, தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி தயங்கித் தயங்கி, "நாளைக்கு ஒரு நா பாப்போம்மா. இப்படியே இருந்தா நீ வேற வேலை பாத்துக்க" என்றாள்.

கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஏழாம் எண்ணை ஐந்தால் வகுத்தால் மீதி இரண்டு. மூன்றாவது அக்காவின் வீடு இரண்டாவது அக்காவிடம் போயாச்சு. இப்படி ஐந்தில் நாலு வீட்டுக்கு ஆள் மாறியிருந்தது. எந்த வீட்டில் பெல் அடிக்கக் கூடாது என்று போனவளுக்கு எப்படித் தெரியும்? ஆபீசிலும் இதே கூத்துதான். சர்வர் ஒன்று கூடினால் தகவலெல்லாம் சட்டி பானையோடு இடம் மாறும். அதைத் தடுக்கத்தான் கன்சிஸ்டென்ட் ஹாஷிங் என்று ஒரு முறையே இருக்கிறது. அதில் சோறு தின்கிற நானே இப்படிச் செய்தேனே, அட மடையா!

எல்லாரையும் கூப்பிட்டு, அண்டா மூடியைக் கவிழ்த்து சாக்பீஸ் எடுத்தேன். "தப்பு எம்மேல. இங்க பாருங்க. இந்த மூடியோட ஓரத்துல வீடெல்லாம் இருக்கு, நீங்களும் நிக்கிறீங்க. ஒவ்வொரு வீடும் கடிகார முள்ளு போற பக்கமா நடந்தா, முதல்ல யார் மேல இடிக்குதோ அவங்கதான் அந்த வீட்டுக்கு ஆளு. புதுசா ஒருத்தி வந்து நின்னா, அவ மேல இடிக்கிற வீடு மட்டும் அவளுக்கு. மத்தது அசையாது."

ஆபீசில் ஒவ்வொன்றின் எண்ணையும் ஒரு சூத்திரத்தால் கலைத்து, அது விழுகிற இடத்தில் வைப்போம். இங்கே நானே கையால், அவரவர் பழைய ஆள் மேல் இடிக்கிற மாதிரி வீடுகளை வைத்தேன். யார் கேட்கப்போகிறார்கள்!

மூன்றாவது அக்கா மூடியை உற்றுப் பார்த்தார். "ஏண்ணே, இவ எனக்கு முன்னாடி நிக்கிறா. அப்ப எங்கிட்ட மட்டும்தான் புடுங்குவீகளா? மத்த மூணு பேரும் மகாராணிகளா?"

இந்தக் கேள்வி வர ஆபீசில் இரண்டு மீட்டிங் ஆகும். ஆளுக்கு ஓர் இடம் என்பதை அழித்து, பத்துப் பத்து இடமாக ஓரமெல்லாம் கலந்து புள்ளி வைத்து, வீடுகளையும் பழைய ஆள் மேலேயே இடிக்கிற மாதிரி மாற்றி வைத்தேன். இப்போது புதியவளுக்கு எல்லாரிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது. கொடுத்த வீடுகளின் வழக்கத்தை அவரவரே அவளுக்குச் சொல்லவும் வைத்தேன்.

அடுத்த நாள் காலை ஒரே ஒரு போன்தான். அதுவும் இன்னும் அரைக்கிலோ மாவு கேட்டு.

பையைக் கழுவிப் போட்டுவிட்டுப் புதியவள் மாடிப்படியில் வந்து நின்றாள். "ஏனுங்கண்ணா, அப்ப நேத்து நடந்ததுக்கு என்ற கால் காரணமில்லீங்களா?"

"இல்லவே இல்லம்மா. என் கணக்குதான் தப்பு."

இன்னும் ஒரு படி ஏறி வந்தாள்.

"நான் வாக்கப்பட்டு வந்த அன்னிக்கு எங்க மாமியா ஊட்டுக் கெணத்து மோட்டார் எரிஞ்சு போச்சுங்க. பதினோரு வருசமா சொல்லிக் காட்டுறாங்க. அதுக்கும் ஏதாச்சும் கணக்கு இருக்குங்களா?"