விலை கூடிய ஊசி

அன்று அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம்: கட்டிலில் அண்ணன், தலைமாட்டில் மதினி, டாக்டரம்மா, ஒரு நர்ஸ், நான். குடியால் ஈரல் சுருங்கி, உணவுக்குழாயில் புடைத்திருந்த ரத்தக்குழாய் வெடித்து, அண்ணன் ரத்தமாக வாந்தி எடுத்தார். பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருந்தோம்.

நர்ஸ் ஊசியை எடுத்தார். "இதவிட விலை கூடுன மருந்து இருக்காங்க?" என்று கேட்டேன்.

"வெளிக்கடையில இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரிதாங்க ரத்தத்த நிறுத்தும். இது கையில இருக்கு, இப்பவே போட்டுருவோம்," என்றார் டாக்டரம்மா.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பூண்டைத் தரம் பிரித்தே வளர்ந்தவன் நான். விலை குறைந்த குவியலில் நாங்கள் சொத்தையைத்தான் போடுவோம்.

"வேணாங்க, ஒசந்ததே போடுங்க. வெரசா வாங்கியாந்துர்றேன்."

அண்ணன் கண்ணைத் திறந்தார். "ஏலே, என்னையும் பூண்டு மாதிரி தரம் பிரிக்கிறியா?" அழுதுகொண்டிருந்த மதினிகூடச் சிரித்துவிட்டார்.

டாக்டரம்மா திட்டத் திட்ட ஓடினேன். பூண்டு வியாபாரியிடம் போனில் கடன் கேட்டு, மருந்தோடு திரும்பியபோது அண்ணன் மறுபடியும் ரத்தம் கக்கி அடங்கியிருந்தார். "தம்பி வரட்டுங்க" என்று மதினி ஊசி போடவே விடவில்லையாம்.

"முன்னாடியே போட்டிருந்தா பொழச்சிருப்பாரா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதுங்க," என்றார் டாக்டரம்மா.

அந்தப் பதில் என்னைத் தூங்க விடுவதில்லை. மதினி இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. உடைக்காத அந்த மருந்துக்காக வியாபாரிக்கு இன்னும் பதினோராயிரம் ரூபாய் தர வேண்டும்.