பிளக்கைப் பிடுங்கிய செண்பகவல்லி

மாட்டுங்கா லேபர் கேம்பில் செண்பகவல்லியின் அறைக்குள் நுழைந்தால் முதலில் பிரிட்ஜ்தான் வழிமறிக்கும். பதினெட்டு வருஷத்துப் பெட்டி. ஒரு கால் துருப்பிடித்துப் போனதால் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறது. கதவின் ரப்பர் தளர்ந்துவிட்டது, சாத்திவிட்டு இடுப்பால் ஒரு இடி இடிக்க வேண்டும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் தப்பாது. அவள் புருஷன் கணேசபாண்டியன் தோல் பட்டறையில் ஓவர்டைம் பார்த்து வாங்கிப் போட்டது. அவர் போய் நாலு வருஷம் ஆகிறது.

வாங்கிய காலத்தில் அந்த வீட்டு வரிசைக்கே அது ஒன்றுதான் பிரிட்ஜ். அப்போது தொடங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை. மேல்தட்டு எதிர்வீட்டு முருகம்மாளின் தோசை மாவுக்கு. கதவில் அப்துல் ரவூப் வீட்டுப் பால். அவர் பிரிட்ஜ் மெக்கானிக் வேறு! கீழே யார் யாருடைய கறிவேப்பிலையோ, மீன் குழம்போ. யாரும் கேட்டு வைப்பதில்லை. வருவார்கள், திறப்பார்கள், நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு வீட்டில் சமையல் வேலையை முடித்துவிட்டு வருகிற செண்பகவல்லிக்குத் தன் ரசத்தை வைக்க இடமிருக்காது. வாய் வலிக்கத் திட்டுவாள். திட்டிக்கொண்டே நகர்த்தி வைப்பாள்.

இப்போது மகன் ஹரி திலக் நகரில் பிளாட் பிடித்துவிட்டான். அம்மாவும் அங்கேயே வந்துவிட வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை டெம்போ கொண்டு வருகிறானாம். சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை, மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இந்தச் சனங்கள் தேடி வருவது தன்னையா, பெட்டியையா? பெட்டியைத்தான் என்றால் அதை இங்கேயே விட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடலாம். ஒருவேளை தன்னை என்றால்? யோசிக்க யோசிக்கத் தலை கிறுகிறுத்தது.

புதன்கிழமை ஒரு காரியம் செய்தாள். பைத்தியக்காரத்தனம்தான், இல்லை என்று யார் சொன்னது? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிரிட்ஜ் ரிப்பேர் என்று வரிசை முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆளாளுக்கு வந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலம் ஒருத்திகூட எட்டிப் பார்க்கவில்லை. வியாழன் காலையிலும் இல்லை. பெட்டியின் உறுமல் இல்லாத அறை அவளுக்கே அந்நியமாக இருந்தது. ஆக, பெட்டிதான். அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. துணிமணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

சாயங்காலம் முருகம்மாள் வந்தாள், பின்னாலேயே டூல் பையோடு அப்துல் ரவூப். நேற்றிலிருந்து அவரை விரட்டிப் பிடிக்கத்தான் அலைந்தாளாம். ரவூப் குனிந்து பெட்டிக்குப் பின்னால் பார்த்தார். பிளக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து செண்பகவல்லியைப் பார்த்தார். அவளுக்கு மானமே போயிற்று.

“வயருதான் கொஞ்சம் லூஸு அக்கா. ஒண்ணுமில்ல,” என்று சொல்லிவிட்டு பிளக்கைச் சொருகினார். பெட்டி உறுமியது. அவர் சிரிக்கவும் இல்லை.

முருகம்மாள் ஓடிப்போய் மாவுத் தூக்கை எடுத்து வந்து மேல்தட்டில் வைத்தாள். பார்த்தாயா, பெட்டிக்குத்தான் இத்தனை ஓட்டம் என்று நினைத்த செண்பகவல்லிக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. போன தீபாவளிக்கே முருகம்மாள் புது பிரிட்ஜ் வாங்கினாளே! செண்பகவல்லிதானே போய் அதற்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தாள்? தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் இதையும் அதையும் சேர்த்து யோசித்ததே இல்லை.

“ஒம் வீட்லதான் புது பிரிட்ஜு இருக்குல்லா முருகு?”

“இருக்கு மதினி.”

“பின்ன இங்க எதுக்கு வைக்க?”

முருகம்மாள் திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றாள். அவளும் இதை யோசித்ததில்லை போலிருக்கிறது.

“அங்க வச்சா, நா இங்க எப்பிடி வாரது?”

செண்பகவல்லி மூட்டையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

அவர்கள் போன பிறகு ஹரியிடமிருந்து போன்.

“எம்மா, சண்டே டெம்போ புக் பண்ணிரவா? பக்காவா சொல்லு.”

“வேண்டாம்ல. பிரிட்ஜு நெறைய சாமான் கெடக்கு.”

“எப்பம்மா காலியாவும்?”

பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். மேலே மாவுத் தூக்கு. கதவில் ரவூப் வீட்டுப் பால் அதற்குள் வந்திருந்தது. ஓரத்தில் ஒரு கிண்ணம், யாருடையது என்றே தெரியவில்லை.

“அதாம்ல எனக்கும் வெளங்கல,” என்று சொல்லிக் கதவைச் சாத்தி, இடுப்பால் ஒரு இடி இடித்தாள்.