கிருஷிகாவின் பெயர் பட்டியலுக்குத் திரும்பிய சனிக்கிழமை

பெற்றிசியாவுக்குப் பொறுமை கிடையவே கிடையாது. அரிப்புக் கிராமத்தில் தன் வீட்டு அறையிலிருந்து கொழும்புக் கம்பனி ஒன்றுக்குப் பைதன் மொழியில் புரோகிராம் எழுதுகிறவள். அடுப்பில் கறி கருகினாலும் எழும்பாள். உதைபந்தாட்டம் என்றால் மட்டும் செருப்பையும் மறந்து ஓடுவாள். எங்கள் கோயில் பங்கின் பெண்கள் சுற்றுப்போட்டிக்கு வீராங்கனைகளின் பதிவை அவள்தான் பார்க்கிறாள். நான் அரிப்பு அணியின் மனேஜர். அவளுடைய கத்தலுக்குப் பழகிப்போனவள்.

இறுதியாட்டம் அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு. பெயர்ப் பட்டியலை மூன்று மணிக்குள் கொடுத்தாக வேண்டும். கோல் அடிக்கிற எங்கள் கிருஷிகாவின் பெயர் அதில் இல்லை! சனவரி முதலாம் திகதிக்குள் பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. நிறையவில்லை என்று பெற்றிசியாவின் புரோகிராம் அவளை வெட்டிவிட்டது. பிள்ளை காலையிலிருந்து சாப்பிடவில்லை.

"பதினாறு முடிஞ்சது எண்டு சத்தியம் பண்ணுறாள். ஒருக்கால் பாரன்," என்றேன்.

"கொம்பியூட்டர் பொய் சொல்லாதக்கா," என்றாள். ஆனாலும் மனம் கேட்காமல் உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் போனில் நிரப்பிய படிவங்கள் அவளிடம் ஜேசன் என்ற எழுத்துக் கோப்பாக வரும். அதில் திகதியும் வெறும் எழுத்துத்தான். பழைய புரோகிராம் கண்ணில் பட்ட முதல் திகதியை எடுத்து வயதைக் கணக்கிட்டது. இப்போது 'வீராங்கனை' என்று ஒரு கிளாஸ், அதாவது ஒவ்வொரு பதிவும் பொருந்தவேண்டிய ஓர் அச்சு, எழுதினாள். ஜேர்சி இலக்கம் எண்ணாகவே வர வேண்டும், பிறந்த திகதி திகதியாகவே வர வேண்டும், ஞானஸ்நானத் திகதிக்குத் தனி இடம். ஒவ்வொரு பதிவாக அதற்குள் ஏற்றினாள். இருபத்தொரு பேர் சத்தமில்லாமல் உள்ளே போனார்கள். இருபத்திரண்டாவதில் நின்றது. திரையில் சிவப்பு வரி: கிருஷிகா, பிறந்த திகதி இல்லை.

"ஐயோ மாதாவே!" கதிரை பின்னால் விழ எழும்பினாள். "பிறந்த திகதியே போடேல்ல! நான் ஞானஸ்நானத் திகதியிலயெல்லோ வயசு பாத்திருக்கிறன்!"

தாய்க்குப் போன் அடித்தோம். படிவம் நிரப்பிய அன்று கையில் கிடைத்தது கோயிலில் தந்த ஞானஸ்நானப் பத்திரம் மட்டும்தானாம். அலுமாரியைக் கிளறிப் பிறப்புப் பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பினார். பிறந்தது டிசம்பர் பதினொன்று. ஞானஸ்நானம் அடுத்த சனவரி இருபது. திகதியைப் போட்டதும் கிளாஸ் ஏற்றுக்கொண்டது. இரண்டு ஐம்பதுக்குப் பட்டியல் போனது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துத் துள்ளினோம்.

மைதானத்தில் கிருஷிகா சப்பாத்தைக் கட்டியபடி கேட்டாள்: "என்னை ஆர் வெட்டினது?"

பெற்றிசியா மழுப்பவில்லை. "நான்தான். முழுக்க என்ர பிழை."

"அப்ப நான் அடிக்கிற கோலுக்கு நீங்கள்தான் ஆகப் பெரிசாய்க் கத்தவேணும், ஓமோ?"

பிள்ளை இரண்டு அடித்தாள். திங்கட்கிழமை கம்பனிக் கூட்டத்தில் பெற்றிசியாவுக்குக் குரலே வரவில்லை.