மாமா தட்டியதும் மாமி கேட்டதும்

அந்த மடிக்கணினியை முதன்முதலில் மாமா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை, அவர் கட்டிலோரம் மாமியின் உள்ளங்கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "கஞ்சி இப்ப வேணுமா?" என்று மாமி கேட்டாள். மாமா அவள் கையை இரண்டு முறை அழுத்தினார். இரண்டு முறை அழுத்தினால் வேண்டாம், ஒரு முறை என்றால் வேண்டும். சில மாதங்களாக அந்த வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

மாமா என் அப்பாவின் அக்காளைக் கட்டியவர். காரோடு ஊருக்குத் தெற்கே கடற்கரையில் மீன் ஏலம் கூறியவர். வள்ளம் கரை தொட்டதும் மீன்குவியலின் பக்கத்தில் நின்று அவர் விலை கூறத் தொடங்கினால், அலைச் சத்தத்தையும் தாண்டி அந்தக் குரல் கோயில் முற்றம்வரை வரும். பாறசாலையில் வளர்ந்த எனக்குச் சிறுவயதில் கடல் என்றாலே அந்தக் குரல்தான். தொண்டையில் வந்த கட்டிக்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் துளையும், அதை மறைக்க ஒரு வெள்ளைத் துணியுமாக ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார். உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னோம். அதற்குள் மாமியின் கண்கள் சர்க்கரை நோயால் ஏறக்குறைய போயிருந்தன. வாசலில் ஆள் நின்றால் நிழலாகத் தெரியும்; முகமும் எழுத்தும் தெரியாது. ஒருவருக்குப் பேச முடியாது, மற்றவருக்கு எழுதிக் காட்டினாலும் சைகை காட்டினாலும் தெரியாது. இரண்டும் ஒரே வீட்டில் நேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று எங்களில் யாரும் யோசித்திருக்கவில்லை.

மாமா தாளில் எழுதுவார். பக்கத்து வீட்டுப் பெண் வந்து மாமிக்குப் படித்துக் காட்டுவாள். மருந்து, கறி, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் என்று சில வாரம் அப்படி ஓடியது. பிறகு அவர் எழுதுவதைக் குறைத்துக்கொண்டார். கட்டிய பெண்ணிடம் சொல்ல நினைப்பதை அடுத்த வீட்டுக்காரியின் வாயால் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

நான் பள்ளிக்கூட ஆசிரியை. எங்கள் பள்ளியின் கணினிகளும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன. இங்குள்ள பள்ளிகளில் லினக்ஸ் இயங்குதளம்தான் என்பதால் அதோடு மல்லுக்கட்டிப் பழகியிருந்தேன். தட்டுவதைக் குரலாக வாசிக்கும் நிரல் ஒன்று அதில் உண்டு. கைப்பேசியிலேயே இதைச் செய்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். செய்து பார்த்தோம். இளவயதில் கரையில் நின்று கம்பா வலை இழுத்துத் தடித்த மாமாவின் விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுந்தது. இரண்டே நாளில் அதைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டார். அவருடைய மகன் வளைகுடாவுக்குப் போகும்முன் விட்டுப்போன பழைய மடிக்கணினி பரணில் கிடந்தது. பழைய இயங்குதளத்தில் அது திறப்பதற்குள் ஒரு ஜெபமாலை சொல்லி முடித்துவிடலாம். அதைத் துடைத்து லினக்ஸ் ஏற்றி, விசைகளின்மேல் தமிழ் எழுத்துகளை ஒட்டினேன். பள்ளியில் வைத்துப் பார்த்தபோது அது தடையின்றித் திறந்து ஓடியது. தமிழையும் குரலையும் சேர்ப்பது ஒரு மணி நேர வேலை என்ற நினைப்பில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன்.

போனதும் வைஃபை இல்லை என்றது. பள்ளியில் கம்பி வழியாக இணையம் கொடுத்திருந்ததால் இந்தக் குறை அங்கே தெரியவே இல்லை. வைஃபையைப் பிடிக்கும் சிறு பாகத்துக்கான இயக்கி நிரல் வேண்டும். அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையத்துக்குப் போக அந்தப் பாகம் வேண்டும். புதிதாக லினக்ஸுக்கு வருபவர்கள் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் கைவிடுவார்கள். கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு பிணைத்து, கைப்பேசியின் இணையத்தைக் கடன் வாங்கி இயக்கியை இறக்கினேன். மாமா என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். வள்ளத்தில் எஞ்சின் பழுது பார்க்கும்போதும் அவர் அப்படித்தான் நிற்பாராம், மாமி சொன்னாள்.

அடுத்தது எழுத்து. தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தும் ஆங்கிலமே விழுந்தது. கணக்கிலிருந்து ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தபிறகுதான் தமிழ் வந்தது. மாமா ஒற்றை விரலால் தன் பெயரைத் தட்டி, திரையில் அதைக் கண்டு தலையை ஆட்டினார். அன்று அதோடு புறப்பட்டேன். மறுநாள் காலை மாமியின் அழைப்பு.

"மக்ளே, பெட்டி இவர உள்ள விடமாட்டேங்கு. கடவுச்சொல்லு தப்பாக்கும்னு எழுதி வருதாம். பக்கத்து வீட்டுப் பிள்ள படிச்சுச் சொல்லிச்சு. இவரு கெடந்து தவிக்காரு. நேத்து இவரு என்னத்தயோ அமுக்கி ஒடச்சுப்போட்டாரோ?"

மாமா எதையும் உடைக்கவில்லை. தமிழ் விசைப்பலகையை முதலாவதாக வைத்ததால் நுழைவுத் திரையில் கடவுச்சொல்லும் தமிழில் விழுந்திருக்கிறது. புள்ளிகளாகத் தெரிவதால் அது அவருக்குத் தெரியவில்லை. மூலையில் மொழியை மாற்றும் இடத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொன்னேன், திறந்துவிட்டது. கணினி பழகத் தொடங்கும் ஆட்கள் எல்லோரிடமும் இதைக் காண்கிறேன். பெட்டி முரண்டு பிடித்தால் முதலில் தங்களைத்தான் குற்றவாளி ஆக்குகிறார்கள். ஏதோ தொடக்கூடாததைத் தொட்டுவிட்டோம் என்று கையை இழுத்துக்கொள்கிறார்கள். மாமாவும் அந்த வாரம் முழுவதும் அதைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குரல் வேலை. நிரலைப் போட்டு 'வணக்கம்' என்று தட்டினேன். திரையில் எல்லாம் ஓடியது. சத்தம் மட்டும் இல்லை. அமைப்புகளில் பார்த்தால், இல்லாத தொலைக்காட்சி ஒன்றுக்கு ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது. அதை மாற்றி மடிக்கணினியின் ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுத்தேன். அப்போதும் மௌனம். ஒலிபெருக்கியே போய்விட்டதோ என்று தோன்றிவிட்டது. மறுபடியும் துடைத்துப் புதிதாக ஏற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல எழுந்து வெளியே போனார். ஆஸ்பத்திரியில் டாக்டரின் முகத்தையும் அவர் இப்படித்தான் படித்திருப்பார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பிறகு பார் என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பாடத்தை எனக்கே சொல்லிக்கொண்டேன். கட்டளைகள் தட்டும் கறுப்புத் திரையில் ஒலி அளவுகளின் பட்டியலைத் திறந்தேன். வரிசையாக நின்ற கம்பங்களில் ஒலிபெருக்கியின் கீழே மட்டும் எம் எம் என்று இரண்டு ஆங்கில எழுத்து. வாய் கட்டப்பட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். எம் விசையை ஒருமுறை அழுத்தினேன். மறுபடி தட்டியதும் பெட்டி பேசியது. ஆனால் பேசியது ஆங்கிலம். 'வணக்கம்' என்பதன் ஒவ்வொரு எழுத்துக்கும் 'தமிழ் எழுத்து, தமிழ் எழுத்து' என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனது. மாமி சிரித்துவிட்டாள். "இது என்ன, கான்வெண்டுல படிச்ச பெட்டியா?" குரலின் மொழியைத் தமிழுக்கு மாற்றியதும், தகரத்தில் அடித்ததுபோல ஒரு ஆண்குரல் 'வணக்கம்' என்றது.

மாமாவை அழைத்து உட்காரவைத்தேன். எதை வேண்டுமானாலும் தட்டுங்கள் என்றேன். அவர் வெகுநேரம் விசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, நான் காட்டிய விசையை அழுத்தினார்.

"மருந்து குடிச்சியா?" என்றது பெட்டி.

"குடிச்சேன்" என்று மாமி சட்டென்று சொன்னாள். கட்டிலின் மறுபக்கத்திலிருந்து தினமும் கேட்கும் கேள்விக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். சொன்ன பிறகுதான் கேட்டது யார் என்று உறைத்தது. கையை முன்னால் நீட்டிக் காற்றில் துழாவினாள். மாமா தன் தோளை அந்தக் கைக்குக் கொடுத்தார்.

நான் தேயிலைக்குத் தண்ணீர் வைக்க அடுக்களைக்குப் போனேன். அங்கேயும் எல்லாம் கேட்டது. அந்த வருட மழையில் கடல் கேறி வீடுகள்வரை வந்து, அவர்கள் வரிசையில் கடைசி வீடு விழுந்திருந்தது. கடலைவிட்டுத் தள்ளி அமரவிளையில் வீடு பார்த்திருக்கிறேன், இரண்டுபேரும் அங்கே போய்விடுங்கள் என்று மகன் ஒவ்வொரு வாரமும் போனில் கெஞ்சினான். மாமி ஒரே பிடியாக மறுத்தாள். எங்களிடமெல்லாம் அவள் சொன்ன காரணம் ஒன்றுதான்: "இந்த மனுசனுக்குக் கடலு காணாம உறக்கம் வராது. குரலும் போச்சு. இனி கடலயும் எடுத்துப்போட்டா அவருக்க ஜீவன் நிக்காதாக்கும்." நாங்களும் நம்பினோம். கடற்கரையில் நின்றே வாழ்ந்த மனிதர் வேறென்ன நினைப்பார்? கை அழுத்திக் கேட்டிருக்கலாமே என்றால், போகலாமா என்ற கேள்வியையே மாமி அவரிடம் கேட்கவில்லை. கேட்பதே அவரைப் புண்படுத்தும் என்று நினைத்தாள்.

விசைகள் நெடுநேரம் தட்டுப்பட்டன. பெட்டி சொன்னது: "அமரவிளைக்குப் போவோம்."

"எனக்காவ வேண்டாம். நான் இஞ்ச இருந்துக்கிடுவேன்" என்றாள் மாமி.

மறுபடியும் தட்டல். இந்த முறை தண்ணீர் கொதித்து முடிந்தும் அது நிற்கவில்லை.

"உனக்காக இல்லை. எனக்குப் பயம். ராத்திரி கடல் வந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓட எனக்குத் தெம்பு இல்லை. கூப்பிட்டு ஆள் சேர்க்கக் குரலும் இல்லை."

அந்தக் குரலில் நடுக்கம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. பேருந்து நிலையத்தில் வண்டி வரும் நேரத்தைச் சொல்வதுபோல அது சொல்லி முடித்தது. தன் குரல் இருந்திருந்தால் மாமா இதை ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டார் என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன். தன் தொண்டையில் தடுக்கி நிற்கும் சொல்லைத் தட்டுவதற்கு அவருடைய விரல் கூசவில்லை.

மாமியின் குரல் கேட்டது. "நானும் பயந்துதான் கெடந்தேன். ஒமக்குத் தெரியவேண்டாம்னு வாய் மிண்டாம கெடந்தேன்."

தேயிலையை வடிகட்டாமல் அப்படியே நின்றேன். இரண்டுபேரும் இரவெல்லாம் விழித்து அலையைக் கேட்டபடி, மற்றவர் நிம்மதியாக உறங்குகிறார் என்று எண்ணிப் படுத்திருக்கிறார்கள்.

அடுத்த மழைக்கு முன்பே அமரவிளைக்கு வந்துவிட்டார்கள். தெருவோர வீடு, லாரிச் சத்தம் உண்டு, கடல் இல்லை. மாமாவுக்கு உறக்கம் வராது என்று பயந்த மாமி, "இப்ப பாரு, குறட்ட விடாத குறையா ஒறங்குகாரு" என்கிறாள். சண்டைகளும் திரும்பிவிட்டன. மீனில் புளி கூடிவிட்டது என்று பெட்டி குறை சொல்லும். "பிடிக்கலேன்னா நீரே வையும்" என்று மாமி பதில் சொல்லுவாள். தகரக் குரலை அவளுக்குப் பிடிக்கவே இல்லை. நல்ல குரல் ஒன்று தேடிப் போட்டுத் தருகிறேன் என்றேன். யாரோ ஒரு அழகான குரல்காரன் வீட்டுக்குள் வந்து பேசுவது அதைவிடக் கேடு என்று தடுத்துவிட்டாள்.

சென்ற மாதம் ஒரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு மறுபடியும் சத்தம் போய்விட்டது. எனக்குத் தேர்வு வேலை. இரண்டு மூன்று நாள் பிந்தித்தான் போக முடிந்தது. மறுபடியும் உள்ளங்கை அழுத்தும் காலத்துக்குப் போயிருப்பார்கள் என்ற குற்ற உணர்வோடு வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே மாமியின் பேச்சுக் கேட்டது.

"அதுக்கு இப்பம் ஏன் கோவப்படுகீரு? நாளைக்கி அவ வருவா."

விசைகள் படபடவென்று விழுந்தன.

"சரி, சரி. சாயங்காலம் நானே அவளக் கூப்பிடுகேன்."

ஒரே ஒரு தட்டு. "ம்" என்றாள் மாமி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தம் வராமல் அவர் சொல்வது எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"அந்தப் பெட்டி பேசுகது அவருக்க குரலா மக்ளே? தட்டுகதாக்கும் அவருக்க குரலு. கோவம்னா ஒரு மாதிரி விழும், சிரிப்புன்னா வேற மாதிரி. யோசிச்சா எடையில நிக்கும். அதுல கள்ளம் பேச முடியாதாக்கும். இது எனக்கு எப்பமே தெரியும்."

ஒலியைச் சரிபார்க்க மடிக்கணினியை என் பக்கம் திருப்பினேன். மாமா அன்று தட்டியதெல்லாம் திரையில் அப்படியே இருந்தது. அதில் ஒரு சொல்லும் இல்லை. க க க, ப ப ம, ந ந ந ந என்று பொருளற்ற எழுத்துகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. சத்தம் வராது என்று தெரிந்தபிறகு அவர் எழுத்தைத் தேடவே இல்லை. மாமியின் காதுக்காக மட்டும் தட்டியிருக்கிறார். நான் பார்ப்பதைக் கண்டதும் மாமா கையை நீட்டி எல்லாவற்றையும் அழித்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

இந்த முறை ஒலியைத் திருத்த அதிக நேரம் ஆகவில்லை.

"செரியாச்சா?" என்று மாமி கேட்டாள்.

"ஆச்சு மாமி. இனி பேசும்."

"இனி கள்ளமும் பேசும்" என்று சொல்லிவிட்டு, அவள் சுவரைத் தடவியபடி அடுக்களைக்குப் போனாள்.