பதினாறு குவளை

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். அம்மை போட்டுப் பாயில் கிடந்த என் ஏழு வயது மகள், நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற, தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸர். மகளின் தலைமாட்டில் நீலக் கரை போட்ட தகரக் குவளை இருந்தது.

நான் நான்காம் வகுப்போடு நின்று ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவள். எதற்கும் பயந்து எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பது என் குணம். அன்று காலையிலிருந்து அவள் குடித்த குவளைகளை எண்ணினேன். குடிக்கக் குடிக்கத் தாகம். பாயும் நனைந்துகொண்டே இருந்தது. "அம்மைச் சூடு அப்படித்தான் இருக்கும். எண்ணுறதுக்கு ஒனக்குச் சம்பளமா குடுக்குறாங்க?" என்று நாத்தனார் சிரித்துவிட்டு, சூடு தணியக் கற்கண்டு போட்ட பார்லித் தண்ணியை இன்னொரு குவளை ஊற்றினார். மத்தியானம் பிள்ளைக்கு மூச்சு பெரிது பெரிதாக வாங்கியது. வாயில் அழுகிய பழத்தின் வாடை. அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரரை டிரஸரிடம் விரட்டினேன்.

அம்மை கண்ட வீடு என்பதால் டிரஸர் கால் கழுவிவிட்டு வாசலிலேயே நின்று, எவ்வளவு குடித்தாள் என்று கேட்டார். நிறைய என்றார் நாத்தனார். "பதினாறு குவளைங்க," என்றேன் நான். எல்லாரும் சிரித்த என் கணக்கை ஒரு மனிதர் நோட்டில் எழுதிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். பிள்ளையின் சிறுநீரை நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் செங்கல் நிறமானது.

"இனிப்பு நீருங்க, சர்க்கரை வியாதி. அம்மைக் காய்ச்சல் அத முத்த விட்டிருச்சு. இப்பவே ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்."

"ஆத்தா எறங்காம பிள்ளையப் படி தாண்ட விடமாட்டேன்," என்று நாத்தனார் வழியை மறித்தார்.

டிரஸர் குரலை உயர்த்தவில்லை. நிலையில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்தை உருவி நாத்தனார் கையில் கொடுத்தார். "ஆத்தாவையும் கூட்டிக்கிட்டு வாங்கக்கா. தோட்டத்து லோரியில எடம் இருக்குலா." நாத்தனார் கொத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அவர்தான் முதலில் ஏறினார்.

கற்கண்டுத் தண்ணியைக் கொடுத்துவிட்டோமே என்று நான் புலம்பியபோது, "அதுக்கெல்லாம் அப்புறமா அழுவலாம். இப்ப பிள்ள மூச்ச எண்ணிக்கிட்டு வாங்க," என்றார் டிரஸர். சிம்பாங் பூலாய் தாண்டி ஆஸ்பத்திரி வாசல் வரை எண்ணினேன். அழ நேரமில்லாமல் போனது. அதற்காகத்தான் சொன்னார் என்பது புரியவே எனக்குச் சில வருஷம் ஆனது. மூன்றாம் நாள் மகள் கண்ணைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள்.

டிரஸர் இப்போது இல்லை. மகள் ஐம்பதைத் தாண்டிவிட்டாள். தினமும் தானே ஊசி போட்டுக்கொள்கிறாள். போன வாரம் சளிக்காய்ச்சலோடு வந்தவள், அதே குவளையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். நான் வாசலைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

"எத்தனம்மா?" என்றாள்.

"மூணு," என்றேன்.